வேடமும் வேடம் புனைவாரும்

மக்கள் தம்மைக் குறித்து ‘யான்’ என்று நாடோறும் பன்முறை வழங்குவர். அச்சொல்லாற் சுட்டப்படும் பொருள் யாது என்று வினவின், பெரும்பாலார் தம் பெயரைச் சொல்வர், ஊரைச் சொல்வர், குடியையுந் தொழிலையுஞ் சொல்வர். இவை யாவும் ஒருவர்க்கு உடைமையாய் வந்து சேர்ந்தனவேயன்றி அவரே ஆகா என்பதைச் சிறிது ஆராய்வாரும் உணர்வர். உணர்ந்த பின்னும் அவற்றையே தாமென்று கொண்டு ஒழுகுதல் உலகியல்பாயிருக்கின்றது. இவ்வியல்பைச் சொல்லளவில் ஆராயாது, தம் உடம்பையும் வாழ்க்கையையுமே ஆய்களமாக்கிக்கொண்ட கலைஞர் சிலர் கடந்த நூற்றாண்டில் மேலைநாடுகளில் தோன்றினர். அவர்கள் தம்மின் வேறாகிய ஓர் ஆளைப் படைத்து, அவ்வாளுக்குப் பெயரும் பிறப்பும் நடையும் பேச்சும் வகுத்து, அவ்வாளாகவே எழுதியும் நடந்தும் பார்த்தனர். இங்ஙனம் படைத்துக்கொண்ட ஆளை ‘மாற்றுரு’ என்று ஈண்டு வழங்கலாம். மாற்றுருப் புனைதல் தன்னை அறிதற்குக் கருவியாமா, அன்றித் தன்னை இழத்தற்கு வாயிலாமா என்பதே ஈண்டு ஆராயப்படும்.

நாடக மேடையில் அரசனாக வருவோன் அரசனல்லன் என்பதை அவனும் அறிவான், காண்பாரும் அறிவர். பிறர் எழுதிவைத்த உரையை அவன் பேசுகின்றான். திரை வீழ்ந்ததும் முடியைக் கழற்றி வைக்கின்றான். மாற்றுருப் புனைந்த கலைஞர் செயல் இதனின் வேறு. உரையை அவர் தாமே வகுப்பர். மேடை இதுவென்று ஓர் எல்லையும் இராது. எதிர்ப்படுவார் பலர்க்கு அது வேடமென்பதே தெரியாது. எல்லாவற்றினும் மேலாக, அவர் புனைவது பிறரை மகிழ்வித்தற்கு மட்டுமன்றித் தம்மைத் தாம் ஆராய்தற்காகவும் ஆம். ஆதலின் கூத்தின்கண் எழாத ஐயங்கள் இதன்கண் எழுகின்றன.

இவ்வகையாருள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் போர்த்துகல் நாட்டுப் புலவர் பெர்னாண்டோ பெசோவா. அவர் 1888-ஆம் ஆண்டு லிஸ்பன் நகரிற் பிறந்து, ஐந்து வயதில் தந்தையை இழந்து, தாயாரின் மறுமணத்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வளர்ந்து ஆங்கிலக் கல்வி பெற்று, 1905-ஆம் ஆண்டு லிஸ்பனுக்கு மீண்டார். வணிக நிலையங்களுக்கு அயல்மொழிக் கடிதங்கள் எழுதிக் கொடுத்துக் காலங்கழித்து, 1935-ஆம் ஆண்டு தம் நாற்பத்தேழாவது வயதில் மறைந்தார். ‘பெசோவா’ என்னுஞ் சொல்லுக்கு அவர் மொழியில் ‘ஆள்’ என்பது பொருள். அச்சொல்லோ கூத்தர் அணியும் முகமூடியைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தது.

அவர் படைத்த மாற்றுருக்களுள் மூவர் சிறந்தவர். ஆல்பெர்ட்டோ கையேரோ என்பான் 1889-ஆம் ஆண்டு பிறந்து, கல்வி மிகுதியாகப் பெறாது நாட்டுப்புறத்தில் வாழ்ந்து, என்புருக்கி நோயால் 1915-ஆம் ஆண்டு இறந்தவன். பொருள்கள் கண்ணுக்குத் தோன்றுமாறே உள்ளன, அவற்றின் பின் மறைந்தது யாதுமில்லை என்பது அவன் கொள்கை. ரிக்கார்தோ ரெயிஸ் ஒரு மருத்துவன். பழைய இலத்தீன் புலவர் நெறியில் அடக்கமுடைய பாக்கள் இயற்றுவோன். முடியாட்சியை விரும்பிப் பிரேசில் நாட்டிற்குச் சென்றுவிட்டவன். ஆல்வரோ தெ காம்போஸ் கிளாஸ்கோ நகரிற் கப்பற்பொறியியல் பயின்றவன். எந்திரங்களின் ஆரவாரத்தையும் உள்ளத்தின் சோர்வையும் அடங்காத நீண்ட அடிகளிற் பாடுவோன். இம்மூவர்க்கும் பெசோவா பிறந்த நாளும் உருவமைப்பும் வகுத்ததோடு அமையாது சாதகமுங் கணித்தார். இவர்கள் ஒருவர் பாட்டை ஒருவர் ஆய்ந்துரைப்பர், தம்முள் முரணுவர். கையேரோவைத் தம் ஆசிரியர் என்றே பெசோவா கூறினார். படைத்தவர் தாம் படைத்த ஆளுக்கு மாணாக்கராயினார் என்பது வியக்கற்பாலது.

கையேரோ தோன்றிய வரலாற்றைத் தம் இறுதியாண்டில், 1935 சனவரி 13-ஆம் நாள் எழுதிய கடிதமொன்றில் அவர் விரித்துரைத்தார். 1914 மார்ச்சு 8-ஆம் நாள் உயர்ந்த பேழையொன்றன் முன் நின்றவாறே முப்பதுக்கு மேற்பட்ட பாடல்களை ஒருசேர எழுதியதாகவும், தம்முள் தம் ஆசிரியர் தோன்றிவிட்டதாகவும் அதன்கட் கூறினார். அவர் கையெழுத்துப் படிகளை ஆய்ந்தோர், அப்பாடல்கள் ஒரே நாளில் எழுதி முடிந்தனவல்ல என்று காட்டியுள்ளனர். ஆகவே தம் மாற்றுருக்களின் தோற்றத்தைக் கூறிய அவ்வுரையிலும் புனைவு கலந்துள்ளது. அவர் மறைந்த பின் ஒரு பெட்டியுள் இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட தாள்கள் கிடைத்தன.

பெசோவா ஏட்டின்கட் செய்ததை, அமெரிக்க நாட்டுக் கலைஞராகிய லின் ஹெர்ஷ்மன் லீசன் என்னும் அம்மையார் தெருவின்கட் செய்தார். 1973-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி 1978-ஆம் ஆண்டுவரை அவர் சான் பிரான்சிஸ்கோ நகரில் ராபெர்ட்டா பிரைட்மோர் என்னும் மாற்றுருவாய் அவ்வப்போது வாழ்ந்தார். ராபெர்ட்டா பேருந்தில் அந்நகர்க்கு வந்து விடுதியொன்றில் தங்கியதாக அவள் வரலாறு தொடங்கும். அவளுக்கெனத் தனி நடை உண்டு. தனிக் கையெழுத்து உண்டு. ஆடையும் பொய்ம்மயிரும் உண்டு. வங்கிக் கணக்கும் வண்டியோட்டும் உரிமச் சீட்டும் உண்டு. அவள் உளநோய் மருத்துவரிடமுஞ் சென்றாள். அம்முகத்தில் எவ்விடத்து எவ்வண்ணம் பூசவேண்டும் என்பதை ஒரு நிழற்படத்தின்மீது குறித்து 1975-ஆம் ஆண்டு படமாகவும் ஆக்கினார் அம்மையார். பின்னர் வேறு மூன்று பெண்டிரையும் ராபெர்ட்டாவாக உலவச் செய்தார். இறுதியில் 1978-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு ஃபெர்ராரா நகரில் பேயோட்டுஞ் சடங்குபோல் ஒன்று நிகழ்த்தி அம்மாற்றுருவை நீக்கினார்.

ஒருத்தி உளள் என்பதற்கு உலகங் கேட்குஞ் சான்றுகளுட் பல ராபெர்ட்டாவுக்கு இருந்தன. ஏடுகளையே நோக்குவார்க்கு அவள் உள்ளவளே. அதனால் தெளியப்படுவது யாது? ஒருவரை இன்னாரென்று உலகம் அறிதற்குக் கொள்ளும் அடையாளங்கள் புறத்தே சேர்த்துக் கட்டத்தக்கன; ஒருவர் அணிந்ததை நால்வரும் அணியத்தக்கன. கட்டத்தக்க தொன்று கட்டுவோன் ஆதல் யாங்ஙனம்?

அந்நாட்டிலேயே அக்காலத்து வேறொரு வகையால் இவ்வாராய்ச்சியைச் செய்தவர் ஏட்ரியன் பைப்பர். 1948-ஆம் ஆண்டு நியூயார்க்கிற் பிறந்த இவ்வம்மையார் கலைஞர் மட்டுமல்லர். ஜெர்மானிய மெய்ப்பொருளறிஞர் கான்ட் என்பார் கொள்கையில் ஆழ்ந்தவர். 1981-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மெய்ப்பொருளியற் பட்டம் பெற்றவர். இளமைதொட்டு யோகப் பயிற்சியும் உடையவர். 1971-ஆம் ஆண்டு கோடையில் உணவைக் குறைத்துக் கான்டின் பெருநூலை இடையறாது பயின்றபொழுது, தாம் இல்லாமற் போகின்றதாக ஓர் அச்சம் அவர்க்கு நேர்ந்தது. அப்பொழுதெல்லாம் அவர் கண்ணாடியின் முன் சென்று நின்று, தம் உருவைப் படமெடுத்துத் தாம் இருத்தலை உறுதிசெய்துகொண்டார்.

கறுப்பர் குடியிற் பிறந்தும் வெளிறிய மேனியராதலின் அவரை வெள்ளையர் என்றே பலர் மயங்குவர். 1973 முதல் 1975 வரை அவர் சுருண்ட பொய்ம்மயிரும் ஒட்டு மீசையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, கறுப்பின இளைஞன் ஒருவனாகத் தெருக்களில் உலவினார். தம் பழைய நாட்குறிப்பினின்று ஒரு தொடரை மாதந்தோறும் எடுத்து, அதற்கு ‘மந்திரம்’ என்றே நம் நாட்டுச் சொல்லாற் பெயரிட்டு, பலகால் உருவேற்றினார். அத்தொடர் பொறித்த அவ்விளைஞன் படத்தை ‘வில்லேஜ் வாய்ஸ்’ என்னும் இதழில் விளம்பரமாகவும் வெளியிட்டார். மீண்டும் மீண்டும் சொல்லச்சொல்ல, ஒருகாலத்துத் தம் நெஞ்சை வருத்திய அச்சொற்கள் தம்முடையன அல்லாதனபோல் அகன்று நின்றன. தெருவில் எதிர்ப்பட்டாரோ, முன்பு அம்மையாரை நோக்கிய நோக்கால் நோக்காது, அச்சத்தோடும் ஐயத்தோடும் அவ்விளைஞனை நோக்கினர். உள்ளிருந்தவர் ஒருவரே, மீசையும் மயிருமே மாறின. பிறர் தம்மை மதித்தலும் இகழ்தலும் எத்துணைப் புறப்பொருளைப் பற்றி நிற்கின்றன என்பதை இதனினுந் தெளிவாகக் காட்டல் அரிது.

இவற்றை நோக்கி ஒருசாரார் கூறுவதாவது: “மாற்றுருக்கள் இங்ஙனம் பலவாய்ப் படைக்கப்படுமாயின், இயல்பான உருவென்று மக்கள் கருதுவதும் மாற்றுருவே, முகமூடிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றின் எஞ்சுவது வெறும் பாழே, ‘யான்’ என்பதொரு பொருள் இல்லை” என்பது. மற்றொரு சாரார், “அன்று, வேடங்கள் பொய், வீட்டிலும் தொழிற்களத்திலும் பெயர்பெற்று வாழும் ஆளே மெய்” என்பர். இவ்விரண்டும் பொருந்தா.

முதலாவது கூற்றுப் பொருந்தாமைக்குப் பெசோவாவின் மாற்றுருக்களே சான்று. கையேரோ கூறியதை ரெயிஸ் உடன்படாமையும், ரெயிசின் அடக்கத்தைக் காம்போஸ் இகழ்தலும் வேற்றுமையென அறியப்பட்டன அல்லவா? மூவரையும் ஒருங்கு வைத்து அறிந்ததோர் அறிவு இல்லையாயின், வேற்றுமையும் விளங்காது. ஒருவன் பாட்டை மற்றொருவன் பாட்டொடு மயங்காமற் காத்தலும் இயலாது. அவ்வறிவு நான்காவதொரு முகமூடியும் அன்று. யாதானும் ஓர் உருவத்துட் பிடிபடாமையின் அது பாழ்போலத் தோன்றிற்று. கண் பிறபொருள்களைக் காணும், தன்னைக் காணாது. காணாமையாற் கண் இல்லையென்பார் உளரோ?

இரண்டாவது கூற்றை ராபெர்ட்டாவும் பைப்பரின் இளைஞனும் மறுப்பர். நாடோறும் வழங்கும் பெயரும் ஏடும் பிறர் நோக்கும் மாற்றுருவுக்கும் எளிதிற் கிடைத்தமையின், அவை மெய்ம்மைக்கு அளவையாகா. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்று சித்தாந்த நூலோர் வகுத்த முறை ஈண்டு நன்கு விளங்கும். பளிங்கு செம்மலரைச் சாரச் சிவந்தும் கருமலரைச் சாரக் கறுத்துந் தோன்றும். தோன்றிய நிறம் பளிங்கினதன்று. நிறமின்மையாற் பளிங்கு இல்பொருளுமன்று. மாற்றுருப் புனைவோர் தாமே விரும்பி மலரை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கின்றனர். பிறரோ ஒரே மலர் நெடுங்காலம் அருகிருத்தலின் அந்நிறத்தைத் தம் நிறமென்றே துணிகின்றனர். வேற்றுமை இவ்வளவே.

இனி, இம்முயற்சியின்கண் இடரும் உண்டு. ஆங்கில நாட்டு இசைவாணராகிய டேவிட் போவி 1972-ஆம் ஆண்டு ஸிக்கி ஸ்டார்டஸ்ட் என்னும் மாற்றுருவைப் படைத்து மேடைதோறுந் தோன்றிப் பெரும்புகழ் எய்தினார். 1973 சூலை 3-ஆம் நாள் லண்டனில் ஹாமர்ஸ்மித் அரங்க மேடையிலேயே அவ்வாட்டத்திற்கு முடிவு கூறினார். தம்மினின்றும் ஸிக்கியைப் பிரித்தறிதல் அரிதாயிற்றென்று பிற்காலத்து அவரே வெளிப்படையாகச் சொன்னார். புகழ் மிக்க வேடம் களைதற்கு அரிது. காண்பார் விரும்புவது வேடத்தையே ஆதலின், அதனைக் களைந்தவன் விரும்பப்படான் என்னும் அச்சம் அதனை உடம்போடு பிணித்துவிடும்.

அறத்தின் வழி நோக்குங்கால் வேறொரு வினாவும் உளது. ராபெர்ட்டா வீடு பகிர்ந்து வாழத் துணை வேண்டுமென்று செய்தித்தாளில் விளம்பரஞ் செய்தாள். அதனைக் கண்டு வந்தோர் மெய்யென்றே நம்பி வந்தனர். அச்சந்திப்புகள் படங்களாகவுங் குறிப்புகளாகவும் பதியப்பெற்றுப் பின்னர்க் கலைப்பொருளாயின. அடியார் வேடத்துட் படைக்கலம் மறைத்து மெய்ப்பொருள் நாயனாரை அணுகிய முத்தநாதன் செயலோடு இதனை ஒப்பிடல் தகாது. ஈண்டுப் பொருள் கவர்தலும் இல்லை, கொலையும் இல்லை. ஆயினும் ஒருவர் தம்மை அறிதற்பொருட்டுப் பிறருடைய நம்பிக்கையைக் கருவியாக்குதல் குற்றமற்றதென்று கொள்ளல் இயலாது. வந்தவர்க்குந் தனிமை இருந்திருக்கலாம், வேண்டுகோள் இருந்திருக்கலாம். பெசோவா தம் நான்கு சுவர்களுள் தம்மையே பலராக்கினார்; பைப்பர் தெருவில் யாதொன்றும் வாக்களியாது நடந்து சென்றார்; ராபெர்ட்டாவோ பிறரைத் தன்பால் அழைத்தாள். அழைத்தவிடத்து உண்மை கடனாகின்றது.

ஆகவே மாற்றுருவை அளத்தற்குரிய நெறி மூன்றென்று கொள்ளலாம். புனைவோர் அதனை வேடமென்று மறவாதிருத்தல் ஒன்று. பிறர் நம்பிக்கைக்கு ஊறு விளையாமை ஒன்று. பயன் முடிந்தவழிக் களைய வல்லராதல் ஒன்று. மூன்றாவதே அரிது. ராபெர்ட்டாவைச் சடங்கு செய்து நீக்க வேண்டியிருந்தது. ஸிக்கியை ஆயிரவர் முன்னிலையில் அறிவித்து விடுக்க வேண்டியிருந்தது. பெசோவாவோ தம் மாற்றுருக்களை இறுதிகாறும் விட்டாரல்லர்.

பொய்ம்மயிரும் ஒட்டு மீசையும் ஒருநாளும் அணியாதார் இவ்வாராய்ச்சி தமக்குரியதன்றென்று எண்ணுதல் கூடாது. கற்றார் என்னும் பெயரும், தலைவர் என்னும் பதவியும், நல்லார் என்று பிறர் கூறும் மொழியும், அடியார் என்று தம்மைத் தாம் மதிக்கும் மதிப்புங்கூட நாடோறும் காலையில் எடுத்து அணியப்படுவனவே. அக்கலைஞர்க்குத் தாம் அணிந்தது வேடமென்பதேனுந் தெரிந்திருந்தது. மேடையில் முடி கழலுதல் ஓரிரவுச் செயல். வாழ்வில் ஏற்ற முடியோ முதுமையாலும் இழப்பாலும் ஒருநாள் தானே கழலும். அன்று கழலும்பொழுது தாமே கழன்றதாகக் கலங்காதிருத்தற்கு, அணிந்திருக்கும் நாளிலேயே அதனை அணியென்று அறிந்திருத்தல் வேண்டும். அங்ஙனம் அறிந்தார்க்கு ‘யான் யார்’ என்னும் வினா அச்சந் தருவதன்று. உள்ளத்தைத் தூய்மை செய்யும் விளக்கே ஆகும்.