வைரம்

ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர். விடியற்காலை.

சாமை அறுத்த கொல்லையில் பனி. வேலியோரம் ஒரு சந்தன மரம். பட்டையை மோந்து பார்த்தேன், மணம் இல்லை. அடுத்துள்ள வெளிறிலும் இருக்காது. இரண்டையும் செதுக்கி எறிந்த பின் மிஞ்சும் உள்மரமான வைரத்தில்தான் சந்தனம் இருக்கிறது.

*

திசு ஆய்வுக்கு வந்த படிவத்தில், ஊர் என்ற இடத்தில் 'ஜவ்வாது மலை' என்று மட்டும் எழுதியிருந்தது. ஆளை நான் பார்த்ததில்லை. என் கைக்கு வந்தது அவர் கணையத்திலிருந்து ஊசி வழியே எடுத்த நூலிழைத் துணுக்கு.

*

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. அங்கே வளரும் கட்டி வெகுநாள் வெளியே தெரியாது. வழக்கமான கணையப் புற்று நாளங்களின் உட்பூச்சில் பிறக்கும். தசை போன்ற மென்திசுவில் பிறக்கும் சார்கோமா நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஸ்கேன் கட்டியைக் காட்டும். அதன் பெயரைச் சொல்லாது.

*

துணுக்கை மெழுகில் பதித்து, நாலைந்து மைக்ரான் கனத்தில் சீவி, ஹீமடாக்சிலினில் நனைக்கிறோம். உட்கருக்கள் நீலமாகின்றன. அந்தச் சாயமும் மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரத்திலிருந்து வந்ததுதான். மரத்தின் உள்ளைக் கொண்டு மனிதரின் உள்ளைப் படிக்கிறோம்.

*

கதிர்போல் நீண்ட செல்கள், கட்டுக்கட்டாக, குறுக்கும் நெடுக்குமாக. இந்த உருவம் பல நோய்களுக்குப் பொது. ஆகவே ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு சாயம் போட்டு, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். சைட்டோகெரட்டின் பிடிக்கவில்லை: வழக்கமான கணையப் புற்றாகத் தெரியவில்லை. சி.டி.117, டி.ஓ.ஜி.1 இரண்டும் பிடிக்கவில்லை: இரைப்பை, குடல் சுவரில் பிறக்கும் ஜிஸ்ட் கட்டி இல்லை. ஜிஸ்ட் என்றால் இமாட்டினிப் மாத்திரை உண்டு. இதற்கு அது உதவாது. டெஸ்மின் பழுப்பாகப் பிடித்தது, எஸ்.எம்.ஏ.வும். குடல் சுவரிலும் இரத்தக் குழாயிலும் நம்மைக் கேட்காமலே இயங்கும் மென்தசையின் அடையாளம் அவை இரண்டும் சேர்ந்தது. மென்தசையில் பிறக்கும் சார்கோமா: லியோமயோசார்கோமா. வேறு உறுப்பிலிருந்து பரவியதா என்றும் பார்த்தாக வேண்டும். பரவாதிருந்தால், முழுவதும் வெட்டி எடுப்பதில்தான் பெரிய நம்பிக்கை.

*

அவரைத் தேடி இங்கே வரவில்லை. அவர் இறங்கி வந்த பாதையைப் பார்க்க வந்தேன். வளைவுக்கு வளைவு பஸ் நின்று திணறியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இதில் எத்தனை முறை போய் வந்திருப்பார்!

இன்னொரு சாயம் என்றால் அவருக்கு இன்னும் இரண்டு நாள் காத்திருப்பு. அந்த நாட்களின் நீளம் இப்போது எனக்குக் கொஞ்சம் தெரியும். இனி ஒரு மணி நேரம்கூட வீணாக்க மாட்டேன். ஆனால் வைரம் தெரியும்வரை பெயர் எழுதவும் மாட்டேன்.