இரு சட்டைகள் கூறும் சாட்சியம்



திருமறையின் 12-ஆவது அத்தியாயமாகிய சூரத்து யூசுபை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். ஆலிம்கள் விளக்கக் கேட்டுமிருக்கிறோம். அதில் வரும் சட்டைகளுள் இரண்டை இங்கே எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைப் பற்றியும், அக்கொடுமையின் பெயரால் புனையப்படும் பொய்ப் புகாரைப் பற்றியும் நமக்குப் பெரும் பாடம் அவ்விரு சட்டைகளிலும் அடங்கியுள்ளது.

முதற் சட்டை, சிறுவராயிருந்த யூசுபுடையது. அவரைக் கிணற்றில் தள்ளியவர்கள் அந்நியரல்லர், சொந்தத் தமையன்மார். செய்வதைச் செய்துவிட்டு, இரவு தொடங்கும் வேளையில் தந்தையிடம் அழுதுகொண்டு வந்தார்கள். ஓநாய் தின்றுவிட்டது என்றார்கள். பொய் இரத்தம் தோய்ந்த சட்டையைச் சான்றாகவும் நீட்டினார்கள். சட்டையில் இரத்தம் இருந்தது, ஆனால் கிழிசல் இல்லையென்று விரிவுரையாளர்கள் சுட்டிக்காட்டுவர். யாக்கூபு நபி (அலை) அவர்கள் அழுகுரலைக் கேட்டு ஏமாறவில்லை. ஆயினும், உண்மை தெரிந்திருந்த ஒருவரும் வாய் திறக்காததால் ஒரு பிள்ளையின் துயரம் பல்லாண்டுகள் மூடிக் கிடந்தது.

இரண்டாவது சட்டை, வாலிபராகிவிட்ட யூசுபுடையது. மிஸ்ரு நாட்டு அஜீஸின் மனைவி அவர்மீது அபாண்டம் சுமத்தினாள். அங்கே அவளுடைய குடும்பத்தாரில் ஒருவரே நீதியாக ஒரு வழி சொன்னார். சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல் மெய். பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல் மெய். பார்த்தார்கள், பின்புறந்தான் கிழிந்திருந்தது. இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பின்னரும் குற்றமற்றவரைச் சிறையில் அடைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அரசர் விடுதலை செய்து அழைத்தபோது, தம்மீது சுமத்தப்பட்ட பழியை முதலில் விசாரியுங்கள் என்றே யூசுபு நபி (அலை) அவர்கள் திருப்பிச் சொல்லியனுப்பினார்கள். சிறையைவிடப் பழி கொடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சகோதரர்களே! ஒரே மனிதரின் வாழ்வில் இவ்விரு அநீதிகளும் நேர்ந்தன. கொடுமைப்பட்ட பிள்ளையும் அவரே. பொய்ப் பழி சுமந்தவரும் அவரே. ஆகையால் பிள்ளைக்காகப் பேசுவதா, குற்றமற்றவருக்காகப் பேசுவதா என்று கட்சி பிரிய நமக்கு வழியில்லை. இரண்டு சட்டைகளையும் கையிலெடுத்துப் பார்ப்பதே மார்க்கம்.

இனி, நம் நாட்டுச் சட்டம் கூறுவதைக் காண்போம். மலேசியாவில் 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், பிள்ளை கொடுமைக்கு ஆளாகியிருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் மருத்துவர், குடும்பத்தார், பிள்ளை பராமரிப்பாளர் ஆகியோர் சமூக நல அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 27, 28, 29-ஆம் பிரிவுகளில் கட்டளையிடுகிறது. 2017-ஆம் ஆண்டில் வந்த, சிறாருக்கெதிரான பாலியல் குற்றச் சட்டம், அத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கிறது. தமையன்மாரின் மௌனம் இன்று சட்டப்படியும் குற்றமாகும்.

மறுபக்கமும் உண்டு. பொய்யென்று தெரிந்தே அரசு ஊழியரிடம் தகவல் கொடுப்போருக்குக் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 182-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ஒருவருக்குத் தீங்கு செய்யும் எண்ணத்தோடு, ஆதாரமில்லையென்று அறிந்தே குற்றஞ்சாட்டினால் 211-ஆம் பிரிவு வருகிறது. அதில் சிறை இரண்டாண்டு வரை. ஏழாண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றத்தைப் பொய்யாகச் சுமத்தி வழக்குத் தொடுக்கச் செய்தால், சுமத்தியவருக்கே ஏழாண்டு வரை சிறை விதிக்கலாம்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். சட்டம் பிடிப்பது 'தெரிந்தே' சொன்ன பொய்யைத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உடலில் காயம் கண்டு, மனம் பதறி நல்லெண்ணத்தோடு தகவல் தந்தீர்கள். விசாரணையில் அது விளையாட்டில் பட்ட காயமென்று தெரிந்தது. அதனால் நீங்கள் பொய்யராகிவிடவில்லை. தவறாகக் கணிப்பது வேறு. பொய்யைப் புனைவது வேறு. தண்டனைக்கு அஞ்சி வாய்மூடியிருப்பது, பிள்ளையை மறுபடியும் கிணற்றில் விடுவதற்கு ஒப்பாகும்.

பொய்ப் புகார் எங்கே பிறக்கிறது? கணவன் மனைவி பிரிந்து, பிள்ளை யாரிடம் இருப்பதென்ற ஹளானத் வழக்கு ஷரியா நீதிமன்றத்தில் நிற்கும்போது பிறக்கக்கூடும். சொத்துத் தகராறில் பிறக்கக்கூடும். மதரஸா உஸ்தாத் மீதுள்ள மனக்கசப்பில் பிறக்கக்கூடும். அப்போது நடப்பதென்ன? நடவாத ஒன்றை நடந்ததாகச் சொல்லும்படி பிள்ளைக்குப் பாடம் கற்பிக்கிறார்கள். அது அந்நியர் முன் அமர்த்தி விசாரிக்கப்படுகிறது, மருத்துவமனையில் சோதிக்கப்படுகிறது, தான் நேசித்தவரை விட்டு விலக்கப்படுகிறது. பிள்ளைக் கொடுமை என்று பொய் சொல்லுகிறவர், அந்தப் பொய்யாலேயே ஒரு பிள்ளையைக் கொடுமை செய்கிறார். அத்தோடு நிற்பதில்லை. நாளை உண்மையாகவே வதைபட்ட ஒரு பிள்ளை அழுதுகொண்டு வரும்போது, இதுவும் கட்டுக்கதையோ என்று ஊர் ஐயுறும்படி செய்துவிடுகிறார்.

சொல்லவைக்கப்பட்ட பிள்ளைமீது குற்றமில்லை. பத்து வயதுக்குட்பட்டோர் செய்வது குற்றமாகாதென்று நம் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 82-ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியாவின் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டமும், இழிவுபடுத்தவோ மிரட்டிப் பணம் பறிக்கவோ பொய்ப் புகார் தரும் பெரியவர்களைத் தண்டிக்கும் அதே 22-ஆம் பிரிவில், பொய் சொன்ன பிள்ளைக்குத் தண்டனை இல்லை என்கிறது. சுமை முழுவதும் சொல்லிக்கொடுத்தவர் தலையில்தான்.

மார்க்கத்தின் தீர்ப்போ இன்னும் கடுமையானது. கற்புள்ள பெண்கள்மீது அவதூறு சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவருக்கு எண்பது கசையடி. அவர் சாட்சியமும் ஏற்கப்படாது என்கிறது சூரத்துன் நூர். அழித்தொழிக்கும் ஏழு பெரும்பாவங்களில் அவதூறையும் ஒன்றாக ஏந்தல் நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னார்கள். ஆனால், இந்நான்கு சாட்சி விதியைக் காட்டி, வதைபட்ட பிள்ளையிடம் சாட்சி எங்கே என்று மிரட்டுவோர் ஷரீஅத்தை அறியாதவர்கள். அவ்விதி பிறர் மானத்தைக் காக்க வந்தது. கொடியவனுக்குக் கேடயமாக வந்ததன்று. யூசுபு நபியின் வழக்கில் நான்கு சாட்சிகளா நின்றார்கள்? கிழிந்த துணியல்லவோ பேசிற்று!

ஆகவே நாம் செய்ய வேண்டியது யாது? கண்டதைக் கண்டபடி, கேட்டதைக் கேட்டபடி போலீஸிலோ சமூக நல இலாகாவிலோ சொல்வோம். 15999 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. சொல்லும்போது ஒரு சொல்லையும் கூட்ட வேண்டாம். பள்ளிவாசல் அறைக்குள் வைத்துச் சமரசம் பேசி மூடிவிடவும் வேண்டாம். பிள்ளைக்கு வார்த்தை கற்பிக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் பெயரையும் படத்தையும் பரப்ப வேண்டாம். இத்தகைய விஷயத்தில் சிக்கிய சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சிறார் சட்டத்தின் 15-ஆம் பிரிவு தடுக்கிறது. விசாரிப்பது அதிகாரிகளின் வேலை; தீர்ப்பளிப்பது நீதிபதியின் வேலை.

எவரேனும் கோபத்தில் பொய்ப் புகார் எழுதியிருந்தால், தொழுகையும் நோன்பும் அதை அழித்துவிடுமென்று எண்ணியிருக்க வேண்டாம். தொழுகை, நோன்பு, ஜக்காத்தோடு மறுமைக்கு வந்தும், பிறரைத் திட்டி, அவதூறு பேசியதனால் நன்மைகளையெல்லாம் அவர்களுக்கு ஈடாகக் கொடுத்துவிட்டு வெறுங்கையாய் நிற்பவனே என் உம்மத்தில் ஓட்டாண்டி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அடியார்களின் ஹக்கை அடியார்களிடமே தீர்க்க வேண்டும். பொய் சொன்ன இடத்திற்கே சென்று மெய் சொல்லுவதுதான் அதற்குரிய தவ்பா. அஜீஸின் மனைவிகூட இறுதியில் சபை நடுவே உண்மையை ஒப்புக்கொண்டாள் என்று திருமறை சாட்சி பகர்கிறது.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளைக் கொடியோர் கையினின்றும், நம் நாவுகளைப் பொய்ச் சாட்சியினின்றும் காத்தருள்வானாக! ஆமீன்.