பீப் ஒலி: புகையா, உரையா?

கணினியின் பவர் பொத்தானை அழுத்தியதும், திரையில் ஓர் எழுத்துகூடத் தோன்றுவதற்கு முன்பே ஒரு சோதனை தொடங்கிவிடுகிறது. மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ் நிரல் புராசசர், டைமர், ராம், டிஸ்ப்ளே, கீபோர்டு என்று வரிசையாகத் தொட்டுப் பார்க்கிறது. வழியில் கோளாறு தென்பட்டால் அதைத் திரையில் எழுதிக் காட்ட முடியாது. திரையை இயக்கும் பகுதி இன்னும் விழித்திருக்காது, அல்லது கோளாறே அங்கேதான் இருக்கும். ஆகவே மிகக் குறைந்த துணையோடு இயங்கும் ஒரு கருவியின் வாயிலாகச் செய்தி வருகிறது. 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் வெளியிட்ட முதல் பிசியில் இன்டெல் 8253 என்ற டைமர் சில்லும் ஒரு சிறிய ஸ்பீக்கரும் இந்த வேலையைச் செய்தன. டைமர் ஓடினால் போதும், ஸ்பீக்கர் ஒலிக்கும், ராம்கூடக் கட்டாயமில்லை. ஒரு குட்டையான பீப் வந்தால் எல்லாம் நலம். ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குட்டை பீப்பும் வந்தால் டிஸ்ப்ளேயில் கோளாறு. ஒரு நீண்டதும் ஒரு குட்டையும் வந்தால் மதர்போர்டில் கோளாறு.

இந்த ஒலியைக் கேட்டதும் சர்வீஸ் கடைக்காரர் பெட்டியைத் திறக்காமலே "ராம் பிராப்ளம்" என்கிறார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவும் இருக்கிறது. அவருக்குக் கிடைத்த அந்த அறிவு எந்த வகையைச் சேர்ந்தது என்பது எளிதில் முடியாத கேள்வி.

அறிவு எந்தெந்த வழியில் வருகிறது என்பதைத் தமிழ்ச் சமய நூல்கள் அளவை என்ற தலைப்பில் விரிவாகவே பேசியிருக்கின்றன. மணிமேகலையின் 27ஆம் காதையில் வைதிக வாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அதே போலப் பத்தைச் சொல்லி, எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கிவிடுகிறார். பீப்பைக் காண்டலில் சேர்க்க முடியாது. காதில் விழுவது ஒலி மட்டுமே. கோளாறு புலனுக்கு எட்டவில்லை. மிஞ்சுபவை இரண்டு. மலையில் புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவது போன்றதா இது? அல்லது விஷயம் தெரிந்த ஒருவர் சொல்லக் கேட்டு அறிவது போன்றதா?

முதல் பார்வையில் புகை என்றே தோன்றும். ராம் கெட்டது, அதனால் ஒலி எழுந்தது. காரியத்திலிருந்து காரணத்துக்குப் போகிறோம். ஆனால் அதே பெட்டிக்குள்ளிருந்து வரும் வேறொரு சத்தத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். பழுதான ஹார்டு டிஸ்க் 'டிக், டிக்' என்று அடித்துக்கொள்ளும். உள்ளே தலைப்பகுதி தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப நகர்வதால் வரும் சத்தம் அது. அதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. டிஸ்க் கெட்டால் அப்படித்தான் சத்தம் வரும். பீப் அப்படியல்ல. ராம் கெட்டால் இயற்கையாக எழும் ஒலி என்று எதுவும் கிடையாது. எங்கோ ஒரு பொறியாளர், இந்தச் சோதனை தோற்றால் இத்தனை முறை ஒலிக்கட்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்ததால்தான் அது ஒலிக்கிறது. ஆங்கிலேய மெய்யியலாளர் எச். பி. கிரைஸ் 1957இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இந்த இருவகைக் குறிகளையும் பிரித்துக் காட்டினார். உடம்பில் கிளம்பிய புள்ளிகள் அம்மையைக் குறிப்பது ஒரு வகை. மூன்று முறை மணி அடித்தால் பேருந்து நிறைந்துவிட்டது என்று பொருள்படுவது மற்றொரு வகை. நம்மூர் கண்டக்டரின் விசில் இரண்டாம் வகை. பீப்பும் பெருமளவு அந்த வகைதான்.

பெருமளவு என்று சொல்லக் காரணம் உண்டு. கண்டக்டர் அந்தக் கணத்தில் பேருந்துக்குள் நின்று பார்த்துவிட்டு ஊதுகிறார். பயாஸை எழுதியவர் கோளாறு நேரும் வேளையில் அங்கே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன், இன்ன நிலைமை வந்தால் இன்னதைச் சொல் என்று ஓர் ஆணையை விட்டுச் சென்றிருக்கிறார். எப்போது ஒலிக்கும் என்பதைக் காரண காரியம் முடிவு செய்கிறது. ஒலித்தது என்ன சொல்கிறது என்பதை அவருடைய சொல் முடிவு செய்கிறது. ஒரே பீப்பில் கருதலும் உரையும் பின்னிக் கிடக்கின்றன. சர்வீஸ் செய்பவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பார்ப்பதால் வருபவை.

உரைப் பக்கத்தை முதலில் பார்க்கலாம். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு என்றென்றும் உள்ளது, யாரும் உண்டாக்கியதல்ல என்பது வேத விளக்க மரபினரான மீமாம்சகரின் கொள்கை. அது ஏற்பாட்டால் வந்தது, இந்தச் சொல்லால் இந்தப் பொருள் அறியப்படட்டும் என்ற சங்கேதமே அது என்பது நியாயத் தர்க்க மரபினரான நையாயிகரின் கொள்கை. பீப் உலகில் மீமாம்சகருக்கு ஒரு வாக்குகூடக் கிடைக்காது. ஐபிஎம் பிசியில் ஒற்றை பீப் நலத்தைச் சொன்னது. ஏஎம்ஐ நிறுவனத்தின் பழைய பயாஸ் பட்டியலிலோ ஒற்றை பீப் என்றால் ராம் புதுப்பிப்புப் பிழை. அதே பட்டியலில் இரண்டு பீப் பாரிட்டி பிழை, மூன்று பீப் முதல் 64 கேபி நினைவகத்தில் கோளாறு. பல டெல் லேப்டாப்களில் இரண்டு பீப் என்றால் ராமே தென்படவில்லை என்று பொருள். பீனிக்ஸ் பயாஸ் எண்ணிக்கையை நான்கு கொத்துகளாகப் பிரித்து ஒலிக்கும்: ஒன்று, இரண்டு, இரண்டு, மூன்று என்று இடைவெளி விட்டு வந்தால் பயாஸ் பதிவில் கூட்டுத்தொகைப் பிழை. ஆகவே எத்தனை பீப் என்று எண்ணுவதற்கு முன், பேசுவது யார் என்று தெரிய வேண்டும். போர்டின் மீது அச்சிட்ட மாடல் பெயரைப் பார்க்காமல் பொதுப் பட்டியலைப் புரட்டுபவர் ஒரு மொழியின் வாக்கியத்துக்கு வேறொரு மொழியின் அகராதியைத் தேடுகிறார்.

பேசுபவரை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. பொருளை நேரில் அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புபவர் எவரோ அவரே ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர், என்று நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் வரையறுக்கிறார். இந்த இலக்கணம் ரிஷி, ஆரியர், மிலேச்சர் எல்லோருக்கும் பொது என்றும் சேர்த்துச் சொல்வது அவருடைய தாராளம். பயாஸை எழுதியவர் இந்த இலக்கணத்துக்குள் வருவாரா? பொய் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் நேரில் அறிந்தவர் என்ற நிபந்தனை தடுக்கிறது. அவர் அறிந்தது கோளாறை அல்ல, ஒரு சோதனையின் தோல்வியை. ராமில் ஒரு பைட்டை எழுதி, அதே இடத்திலிருந்து திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒத்துப்போகவில்லை என்றால் பீப். அந்த முரண்பாட்டுக்கு 'ராம் கோளாறு' என்று பெயர் சூட்டியிருக்கிறார், அவ்வளவே.

இங்கே கருதலின் பக்கம் வந்து சேர்கிறது. எழுதியது திரும்பி வராததற்கு ராம் சில்லு கெட்டிருப்பது ஒரு காரணம். ஸ்லாட்டில் தூசி அடைந்திருக்கலாம். ராம் கார்டின் ஒரு முனை சரியாக அமராமல் இருக்கலாம். கார்டின் பொன்முலாம் பூசிய முனைகளில் அழுக்குப் படிந்திருக்கலாம்; பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினால் ஓடிவிடுவது இதனால்தான். ராமை ஆளும் கட்டுப்பாட்டுப் பகுதி மதர்போர்டை விட்டு புராசசருக்குள்ளேயே குடியேறிய பிறகு (ஏஎம்டியில் 2003, இன்டெல்லின் மேசைக்கணினிகளில் 2008) சந்தேகம் இன்னும் தூரம் போகிறது. புராசசர் சாக்கெட்டில் தலைமயிர் கனத்தில் ஒரு பின் வளைந்திருந்தாலும் ராம் பீப்பே வரலாம். ராம் கெட்டால் பீப் வரும் என்பது உண்மை. பீப் வந்தால் ராம் கெட்டது என்பது அதிலிருந்து கிடைக்காது. நெருப்பிருந்தால் புகை வர ஈர விறகு என்ற துணை நிபந்தனை வேண்டும் என்றும், அத்தகைய உபாதியை மறந்தவரின் அனுமானம் வழுவும் என்றும் தர்க்க நூல்கள் எச்சரிப்பது இதைத்தான்.

மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காட்டும் எடுத்துக்காட்டுகள் இதைவிடக் கூர்மையானவை. ஒரு காலத்தில் ஓரிடத்தில் கழுதையையும் கணிகையையும் சேர்த்துக் கண்ட ஒருவன், பிறகு கழுதையைக் கண்ட இடத்திலெல்லாம் கணிகையும் இருப்பாள் என்று கருதலாமா? இரண்டும் சேர்ந்திருக்கக் கண்டது மட்டும் போதாது என்பது கருத்து. சேர்ந்து இல்லாதிருக்கக் கண்டதும் போதாது: கழுதையின் பிடரியில் நாய்வாலும் இல்லை, நரிவாலும் இல்லை, அதைக் கொண்டு ஒரு வாலைக் கண்டதும் மற்றதை ஊகிக்க முடியுமா? சர்வீஸ் மேசையில் இந்தக் கழுதை தினமும் வந்து நிற்கிறது. ராமைக் கழற்றி மாட்டினார்கள், பீப் நின்றது, ஆகவே ராம்தான். ஆனால் அதைச் செய்யும்போதே மின்கம்பி அசைந்தது, மின்சாரம் துண்டித்து மீண்டும் வந்தது, கைபட்டு டிஸ்ப்ளே கார்டு இறுகியது. எது காரணம் என்று பிரிக்க வேண்டுமானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அதே ராமை நல்ல போர்டிலும், நல்ல ராமை இதே போர்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது சோதனையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. புதிய ராமை விற்றுவிட்டால் அதற்கு அவசியமும் இருப்பதில்லை.

இவற்றையெல்லாம்விட ஆழமான சிக்கல் ஒன்று சோதனையின் அமைப்பிலேயே இருக்கிறது. சோதிப்பதும் சோதிக்கப்படுவதும் ஒன்றே. ஐபிஎம் பிசியின் பயாஸ் முதலில் பரிசோதித்தது 8088 புராசசரை. அந்தப் பரிசோதனையை நடத்தியதும் அதே 8088. அடுத்தது பயாஸ் பதிவு: அதன் பைட்டுகளையெல்லாம் கூட்டினால் கூட்டுத்தொகையின் கடைசி பைட் சுழியமாக வர வேண்டும். அந்தக் கூட்டலைச் செய்யச் சொல்லும் கட்டளைகள் அதே பதிவுக்குள்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பதிவு சிதைந்து, கூட்டச் சொல்லும் பகுதியே அதில் சேதமடைந்திருந்தால் வரும் விடைக்கு என்ன மதிப்பு?

ஓர் அறிவு உண்மையானது என்பது அந்த அறிவிலிருந்தே தெரிகிறதா, வேறொன்றால் தெரிகிறதா என்று மீமாம்சகரும் நையாயிகரும் பல நூற்றாண்டுகள் வழக்காடினார்கள். அறிவு தானே பிரமாணம், பொய் என்று பின்னால் காட்டப்படும்வரை அதை ஏற்க வேண்டும் என்பது மீமாம்சகர் பக்கம்; இல்லாவிட்டால் ஒன்றைச் சரிபார்க்க இன்னொன்று, அதைச் சரிபார்க்க மற்றொன்று என்று முடிவே இராது. வெளியிலிருந்துதான் தெரியும், தண்ணீர் என்று கண்டதைப் போய்க் குடித்துத் தாகம் தீர்ந்தால் கண்டது உண்மை என்பது நையாயிகர் பக்கம். பயாஸ் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது. தொடக்கத்தில் புராசசரை நம்பித்தான் ஆக வேண்டும். நம்பாமல் ஒரு கட்டளைகூட ஓடாது. ஆனால் அந்த நம்பிக்கையை அது உடனே சிறுசிறு வேலைகளில் சோதிக்கிறது. ரெஜிஸ்டரில் ஓர் எண்ணை வைத்து எடுக்கிறது, ஒரு நிபந்தனைத் தாவலை நடத்திப் பார்க்கிறது. தோற்றால் ஐபிஎம் நிரலில் இருந்த கட்டளை ஒன்றே: நில். அதன்பின் பீப் இல்லை, எதுவும் இல்லை. பெரிய கோளாறுக்கு ஒலி கிடையாது. ஏஎம்ஐ பட்டியலில் ஐந்து பீப் புராசசர் பிழை என்று போட்டிருப்பதையும் இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். ஐந்து வரை எண்ணி ஒலிக்கத் தெரிந்த புராசசர் முற்றிலும் செத்துவிடவில்லை. பீப் என்பது முழு நலத்துக்கும் முழுச் சாவுக்கும் இடையிலுள்ள நிலைகளின் மொழி.

அப்படியானால் மௌனம் எதைச் சொல்கிறது? தரையில் குடம் இல்லை என்பதை எப்படி அறிகிறோம் என்ற பழைய விவாதம் இங்கே பொருந்தும். இன்மையை அறிவிக்கும் தனி அளவை உண்டு, அது அபாவம் என்றார் மீமாம்சகரான குமாரில பட்டர். இன்னொரு மீமாம்சகரான பிரபாகரர் மறுத்தார். அருணந்தியின் பத்திலும் அபாவம் உண்டு, ஆனால் மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. வகைப்பாட்டில் வேறுபட்டாலும், காணாமையை வைத்து வாதிட்டவர்கள் வற்புறுத்தும் நிபந்தனை ஒன்று உண்டு. காணாமை சான்றாவதற்கு, அந்தப் பொருள் இருந்திருந்தால் காணப்பட்டே இருக்க வேண்டும். வெளிச்சமுள்ள அறையில் குடத்தைக் காணாதது குடமின்மைக்குச் சான்று. இருட்டறையில் காணாதது எதற்கும் சான்றல்ல.

பழைய ஐபிஎம் பிசியில் பீப் வராவிட்டால் மின்வழங்கியையோ மதர்போர்டையோ பார்க்கச் சொன்னார்கள். ஸ்பீக்கர் பெட்டியோடு வந்த காலம் அது. அறை வெளிச்சமாக இருந்தது. இன்று கடைகளில் விற்கும் பல மதர்போர்டுகளோடு ஸ்பீக்கர் வருவதில்லை. நான்கு பின் கொண்ட இணைப்பிடம் மட்டும் போர்டின் ஓரத்தில் காலியாக இருக்கும். அதில் எதையும் மாட்டாமல், பீப்பே வரவில்லை, போர்டு போய்விட்டது என்று தீர்ப்பளிப்பது இருட்டறையில் குடம் தேடிய கதை. இப்போதைய போர்டுகள் பலவற்றில் புராசசர், ராம், டிஸ்ப்ளே, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் அந்த வேலையை ஏற்றிருக்கின்றன. சோதனை எங்கே நின்றதோ அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஒலி ஒளியானதே தவிர, மேலே சொன்ன சிக்கல்களில் ஒன்றும் தீரவில்லை. ராம் விளக்கு எரிந்தாலும் சாக்கெட்டில் வளைந்த பின் அப்படியே சந்தேகத்தில் இருக்கிறது.

மௌனத்தைச் சான்றாக மாற்றத் தொழிலில் ஒரு வழி உண்டு. சில ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு ஸ்பீக்கரை மாட்டி, ராம் கார்டுகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுப்பார்கள். ராமே இல்லாத போர்டு முறையிட்டாக வேண்டும். பீப் வந்தால் மின்வழங்கி, புராசசர், பயாஸ், ஸ்பீக்கர் நான்கும் குறைந்தபட்ச அளவிலாவது உயிரோடு இருக்கின்றன என்று தெரிகிறது. பிறகு ராமை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். பீப் வராவிட்டால், நல்லதென்று தெரிந்த வேறொரு போர்டில் அதே ஸ்பீக்கரை ஒலிக்க வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒலித்தால்தான் முதல் போர்டின் மௌனத்துக்குப் பொருள் கிடைக்கிறது. அதன் பிறகும் மின்வழங்கி, புராசசர், பயாஸ், போர்டு என்ற நான்கில் எது என்பதை அந்த மௌனம் சொல்லாது. இராமன் வென்றான் என்றால் இராவணன் தோற்றான் என்று தெரிவதை மணிமேகலை மீட்சி என்கிறது. அங்கே போட்டியாளர் இருவரே. இங்கே நால்வர். ஒவ்வொருவரையும் நல்ல உதிரி ஒன்றால் மாற்றி வெளியேற்றி, கடைசியில் மிஞ்சுவதைப் பிடிக்க வேண்டும்.