கற்களைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால்



பள்ளிகளுக்கு விடுமுறை விட்டாயிற்று. திருப்பலி முடிந்ததும் உங்களில் சில குடும்பங்கள் சவானாவுக்குப் புறப்படுகின்றன. இங்கே அட்லாண்டாவிலிருந்து நான்கு மணி நேரப் பயணம். சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பழைய ஊரைச் சுற்றிப் பார்க்க முடியுமா, கடற்கரையோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று தாய்மார் சிலர் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இன்று எல்லாருக்கும் சொல்கிறேன்.

மரியாவின் மாசற்ற இதயத்தை நினைவுகூரும் இந்நாளில் திருச்சபை நமக்கு வாசித்துக் காட்டுவதும் ஒரு குடும்பப் பயணத்தைத்தான். யோசேப்பும் மரியாவும் பாஸ்கா விழாவுக்கு ஆண்டுதோறும் எருசலேமுக்குப் போனார்கள். சிறுவன் இயேசுவுக்கு அப்போது வயது பன்னிரண்டு. திரும்பும் வழியில் பிள்ளையைக் காணோம் என்று பதறித் தேடினார்கள். மூன்றாம் நாள் கோவிலில் கண்டார்கள். இந்தப் பகுதியில் நாங்கள் வழக்கமாகக் காணாமல் போனதைப் பற்றியே பேசுவோம். கண்டபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அது அந்தப் பிள்ளை வளர்ந்த வீட்டின் பழக்கம். இது என்ன வழிபாடு என்று பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லுங்கள் என்று விடுதலைப் பயண நூல் பாஸ்காவைப் பற்றியே கட்டளையிடுகிறது. யோர்தானைக் கடந்ததும் ஆண்டவர் சொற்படி ஆற்றுப்படுகையிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டச் சொன்ன யோசுவா, அவை எதற்கு என்று பிள்ளைகள் பின்னாளில் கேட்பார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னார். அவர்கள் கேட்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கற்கள் அங்கே நின்றன.

சவானாவில் பிள்ளைகள் கேட்பார்கள். அந்த ஊரின் அமைப்பே அப்படி. 1733இல் ஜேம்ஸ் ஓகல்தோர்ப் ஊரைச் சதுக்கம் சதுக்கமாக வகுத்தார்; அவற்றில் இருபத்திரண்டு இன்றும் நிற்கின்றன. ஒரு சதுக்கத்திலிருந்து அடுத்ததற்குச் சில நிமிட நடை, பிறகு ஓக் மர நிழலும் உட்காரப் பெஞ்சும். சின்னக் கால்களுக்கு இதைவிட நல்ல நகரம் அமையாது. எல்லிஸ் சதுக்கத்தில் தரையிலிருந்து பீய்ச்சும் நீரூற்றில் பிள்ளைகளை நனைய விடுங்கள். அங்கே இருந்த பழைய சந்தையை 1954இல் இடித்துக் கார் நிறுத்தக் கட்டடம் கட்டினார்கள். அதைக் கண்டு பொறுக்காத ஏழு பெண்கள் மறு ஆண்டே ஒன்றுகூடி டேவன்போர்ட் இல்லத்தை இடிபடாமல் காத்தார்கள். நாளடைவில் அந்தக் கார் கட்டடமும் போய், 2010இல் சதுக்கம் மீண்டும் திறந்தது.

ரைட் சதுக்கத்தில் ஒரு பெரிய கருங்கல் இருக்கிறது. யாமக்ரா மக்களின் தலைவர் டோமோச்சிச்சி ஓகல்தோர்ப்பை வரவேற்று இடம் கொடுத்தவர். 1739இல் அவர் இறந்தபோது அந்தச் சதுக்கத்தின் நடுவில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 1883இல், அவர் கல்லறை இருந்த இடத்திலேயே ரயில் நிறுவனத் தலைவர் ஒருவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். டோமோச்சிச்சியின் நினைவாக ஓரத்தில் இருக்கும் கருங்கல்லை வைத்தது 1899இல். இடம் கொடுத்தவர் ஏன் ஓரத்தில் இருக்கிறார் என்று உங்கள் பிள்ளை கேட்டால், அவசரப்பட்டு ஐஸ்கிரீம் கடைக்கு இழுத்துப்போகாதீர்கள். அங்கேயே நின்று பதில் சொல்லுங்கள்.

ஆற்றங்கரைத் தெருவில் கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும். தள்ளுவண்டி உருளாது, பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். சரக்கில்லாமல் வந்த கப்பல்கள் கடலில் தள்ளாடாதிருக்க அடியில் போட்டுக் கொண்டுவந்த கற்கள் அவை. திரும்பும்போது அந்தக் கப்பல்கள் பருத்தி ஏற்றிப் போயின. பருத்தியைப் பறித்தது யார்? ஜார்ஜியாவை நிறுவியவர்கள் 1735இல் அடிமைமுறையைத் தடை செய்திருந்தார்கள். 1751இல் அந்தத் தடை நீங்கியது. 1859 மார்ச் 2, 3 தேதிகளில், ஊருக்கு வெளியே குதிரைப் பந்தயத் திடலில், மழை கொட்ட, பியர்ஸ் பட்லர் என்ற பண்ணையாரின் கடனை அடைக்க 436 பேரை விற்பனைக்குப் பட்டியலிட்டார்கள். அவர்களில் டாஃப்னி என்ற தாய் பிறந்து பதினைந்து நாளான குழந்தையைச் சால்வையில் போர்த்திக்கொண்டு மேடையேறினாள். ஏன் மூடி மறைக்கிறாய் என்று வாங்க வந்தவர்கள் கூச்சலிட்டார்கள். நாற்பதாம் நாள் குழந்தையைக் கோவிலுக்கு எடுத்துச் சென்ற மரியாவிடம், உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று சிமியோன் சொன்னாரே, அந்த இதயத்தை வணங்க வந்த நாம் இந்தத் தாயை அறியாமல் அந்த ஊரைப் பார்த்துவிட்டு வரலாமா?

“சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு ஃபாதர் இதெல்லாம்?” என்பீர்கள். உங்கள் தயக்கம் அன்பிலிருந்து வருகிறது, அதை மதிக்கிறேன். ஆனால் அந்த ஊரில் மாலையானால் பேய்க் கதை சொல்லிக் கூட்டிப்போகும் உலாக்கள் நடக்கின்றன. பிள்ளைகளையும் அழைத்துப் போகிறார்கள். இல்லாத பேயைக் காட்டிப் பயமுறுத்தத் தயங்காத நாம், உண்மையாக அங்கே வாழ்ந்து துன்பப்பட்டு இறந்தவர்களைப் பற்றிப் பேசத்தான் தயங்குகிறோம். வயதுக்குத் தக்கபடி சொல்லலாம். நான்கு வயதுப் பிள்ளையிடம், இந்த வீடுகளைக் கட்டியவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை என்றால் போதும். அநியாயம் என்று பிள்ளைக்கே தெரியும். எட்டு வயதுப் பிள்ளைக்கு டெய்லர் சதுக்கத்தைக் காட்டுங்கள். சூசி கிங் டெய்லர் அடிமையாகப் பிறந்தவர். கறுப்பினக் குழந்தைகள் எழுதப் படிக்கக் கூடாது என்று சட்டம் இருந்த நாளில், புத்தகத்தைத் தாளில் சுற்றி மறைத்து எடுத்துக்கொண்டு சவானாவில் ஒரு வீட்டுக்குப் போய்ப் படித்தார். பின்னால் ஆசிரியையானார், உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குப் பணிவிடை செய்தார். அடிமைமுறைக்காக வாதாடிய கால்ஹூனின் பெயரைத் தாங்கியிருந்த அந்தச் சதுக்கத்துக்கு 2023இல் நகர மன்றம் சூசியின் பெயரை வைத்தது. வீட்டுப்பாடம் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளை இதைக் கேட்டு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

பெரிய பிள்ளைகளிடம் நம் திருச்சபையைப் பற்றியும் மறைக்காதீர்கள். லாஃபயெட் சதுக்கத்தில் திருமுழுக்கு யோவான் பேராலயம் இரட்டைக் கோபுரங்களோடு நிற்கிறது. ஞாயிறு திருப்பலிக்கு அங்கே போங்கள். (எதிரே எழுத்தாளர் ஃபிளானரி ஓகானர் வளர்ந்த வீடு. சிறுமியாக இருந்தபோது ஒரு கோழியைப் பின்னோக்கி நடக்கப் பழக்கியவர், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.) கத்தோலிக்கர் நீங்கலாக எல்லாருக்கும் வழிபாட்டு உரிமை என்று 1732ஆம் ஆண்டுப் பட்டயம் நம்மை வெளியே நிறுத்திய குடியேற்றம் ஜார்ஜியா. ஒதுக்கப்பட்ட வலி தெரிந்த நாம் வேறுவிதமாக நடந்திருக்க வேண்டும். ஆனால் 1861இல் அடிமைமுறையை ஆதரித்து மறையுரை ஆற்றிய அகுஸ்தின் வெரோ அதே ஆண்டில் சவானாவின் ஆயரானார். போருக்குப் பிறகு விடுதலை பெற்ற பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித்தர பிரான்சிலிருந்து அருள்சகோதரிகளை அழைத்து வந்தவரும் அவரே. இரண்டையும் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் பிள்ளைக்குப் பாதி உண்மையைத்தான் கொடுக்கிறோம். குருவாக, இந்த மேடையில் நின்று இதைச் சொல்வது எனக்கு வலிக்கிறது. மறையுரை மேடையிலிருந்து செய்த பாவத்தை மறையுரை மேடையிலிருந்தே அறிக்கையிட வேண்டும்.

பேராலயத்தோடு நிறுத்தாமல், முதல் ஆப்பிரிக்க பாப்திஸ்து ஆலயத்தையும் பாருங்கள். அந்தச் சபையின் மேய்ப்பர் ஆண்ட்ரூ பிரையன், ஆண்டவரைப் போதித்ததற்காகச் சாட்டையடி பட்டார், போதிப்பதை விடவில்லை. 1859இல் முடிந்த இப்போதைய ஆலயத்தை, பகலெல்லாம் எசமானுக்கு உழைத்துவிட்டு, இரவில் வந்து அடிமைகளே கட்டினார்கள். தரைப் பலகையில் சிறு துளைகள் தெரியும். தப்பி ஓடிவந்தவர்களைத் தரைக்கடியில் ஒளித்து வைத்தபோது, அவர்கள் மூச்சுவிட இட்ட துளைகள் என்று அந்தச் சபையார் சொல்லிவருகிறார்கள். பிள்ளைகள் குனிந்து பார்ப்பார்கள்; பார்க்கட்டும்.

கடைசியாக டைபீ கடற்கரைக்குத்தானே போவீர்கள்? 1960 ஆகஸ்டில் அந்தக் கடலில் கால் நனைக்கப் போன கறுப்பின மாணவர்களைக் கைது செய்தார்கள். நம்மில் சிலர், நாம் நேற்று வந்தவர்கள், இது நம் கதையல்ல என்கிறோம். அந்த மாணவர்களைப் போன்றவர்கள் நடத்திய குடிமை உரிமைப் போராட்டத்தின் காலத்தில்தான் 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் வந்தது. நம் மக்களுக்கு இந்த நாட்டின் கதவு திறந்தது. உங்கள் மகளும் மகனும் அந்த அலையில் யாரும் தடுக்காமல் குளிப்பார்கள். அவர்களுக்கு முன் அங்கே இறங்கியவர்களைப் பற்றி, துண்டால் தலை துவட்டும்போது சொல்லுங்கள்.

எல்லாக் கேள்விக்கும் உங்களிடம் பதில் இருக்காது. கோவிலில் தம் மகன் சொன்ன மறுமொழி மரியாவுக்கும் யோசேப்புக்கும் புரியவில்லை என்று லூக்கா எழுதுகிறார். மரியா அதைத் தட்டிக்கழிக்கவில்லை, தம் உள்ளத்தில் வைத்திருந்தார். கடவுள் இந்த அநியாயத்தை ஏன் விட்டுவைத்தார் என்று பிள்ளை கேட்டால், தெரியவில்லை கண்ணா, நானும் அதைத்தான் ஆண்டவரிடம் கேட்கிறேன் என்று சொல்லலாம். அப்படிச் சொல்லும் தாய் தந்தையிடம் பிள்ளை நாளைக்கும் கேட்கும்.

இப்போது மன்றாட்டுகளுக்காக எழுந்து நிற்போம். டாஃப்னிக்காகவும் அவள் குழந்தைக்காகவும் அவர்களோடு விற்கப்பட்ட எல்லாருக்காகவும் முதல் மன்றாட்டு. பிள்ளைகளே, அதைச் சொல்ல உங்களில் ஒருவர் முன்னே வாருங்கள்.