உலகத் தீமையும் இறைவன் நன்மையும்

1755 ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி, கத்தோலிக்கர் சகல புனிதர் திருநாளாகக் கொண்டாடும் தினத்திலே, போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பன் நிலநடுக்கத்தால் அழிந்தது. முற்பகல் வழிபாட்டின்பொருட்டு மக்கள் ஆலயங்களில் நிறைந்திருந்த வேளை அது. இடிபாடுகளுக்குத் தப்பி ஆற்றங்கரையை அடைந்தோரைக் கடல் வாரிச் சென்றது. பீடங்களில் ஏற்றிய மெழுகுதிரிகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் பரவிய தீ எஞ்சியவற்றை எரித்தது. இறைவன் படைத்திருக்கக்கூடிய உலகங்கள் யாவற்றினும் இதுவே சிறந்தது என 1710 இல் லைப்னிற்ஸ் நிறுவ முயன்ற கொள்கையை அடுத்த ஆண்டிலேயே வோல்டயர் கவிதை வாயிலாகக் கடிந்தார். அதே 1756 இல் மலகிரிடா என்னும் இயேசுசபைத் துறவி, இவ்வழிவு லிஸ்பன் மக்களின் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனையே என்றும், இயற்கைக் காரணம் தேடுதல் தகாது என்றும் சிறு நூலொன்று வெளியிட்டார். ஒருவர் அழிவைக் கண்டு இறைவனின் நன்மையை வினாவினார். மற்றவர் அந்நன்மையைக் காக்கும் பொருட்டு இறந்தோரைக் குற்றவாளிகளாக்கினார். இவ்விரண்டனுள் எது சமயத்துக்குக் கூடிய ஊறு விளைத்தது என்பது எளிதில் விடை கூறத்தக்க வினாவன்று.

இவ்வினா நமக்குத் தொலைவானதுமன்று. 2004 டிசெம்பர் 26 அன்று சுமாத்திராவை அடுத்த கடலடியில் எழுந்த அலை இலங்கையில் மாத்திரம் 30,000இற்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அன்று போயா தினம், நத்தாருக்கு மறுநாள். முல்லைத்தீவிலும் கல்முனையிலும் அம்பாந்தோட்டையிலும் இந்துவும் இஸ்லாமியரும் பௌத்தரும் கிறித்தவரும் ஒருங்கே மாண்டனர். தெற்கே பெரலியவில் முதலலைக்கு அஞ்சியோர் நின்றிருந்த புகைவண்டியைப் புகலிடமாகக் கொண்டனர். பின்வந்த பேரலை அவ்வண்டியையே புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

மெய்யியலார் இப்பிரச்சினையைச் சுருங்கக் கூறுவர். இறைவன் எல்லாம் வல்லவன். இறைவன் முற்றும் நல்லவன். உலகில் தீமை உண்டு. இம்மூன்றையும் ஒருங்கே ஏற்றல் எங்ஙனம்? எப்பிகியூரசுக்கு உரியதாகச் சொல்லப்படும் இவ்வினாவை 1779 இல் வெளிவந்த ஹியூமின் உரையாடல் நூல் மீண்டும் கூர்மையாக்கிற்று. மனிதன் மனிதனுக்கு இழைக்கும் கொடுமையைப் பொறுத்தவரை, சுயாதீனம் அளிக்கப்பட்டமையின் விளைவு அது எனப் பதிலிறுப்பர். அத்தகைய கொடுமைக்கு எடுத்துக்காட்டுத் தேடவேண்டிய நிலையில் நம்மவர் எவரும் இலர். இயற்கை அழிவிலும் மனிதன் பங்கு உண்டு: பசிபிக் சமுத்திரத்தில் 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இயங்கியது, இந்து சமுத்திரத்திலோ, அலை நம் கரையை எட்டச் சற்றொப்ப இரண்டு மணி நேரம் இருந்தும் அறிவிப்பார் இல்லை. எனினும் அலை மனிதன் ஏவியதன்று. சுயாதீனக் கொள்கை அவ்விடத்தில் ஓய்ந்துவிடுகின்றது.

இவ்விடத்திலேதான் சைவசித்தாந்தத்தின் நிலைப்பாடு தனிக்கவனத்துக்குரியதாகின்றது. பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அநாதி என்பது அதன் அடிப்படை. இறைவன் உயிர்களைப் படைத்தவனல்லன், ஆணவத்தைப் படைத்தவனுமல்லன். செம்பிற் களிம்புபோல ஆணவம் உயிரோடு என்றும் உள்ளது. படைத்தலாவது, மாயையிலிருந்து தனு, கரண, புவன, போகங்களை ஆக்கி, அறியாமையிற் கிடக்கும் உயிர்க்கு ஈதல். எனவே, “இத்தகைய உலகை ஏன் தெரிந்தாய்?” என லைப்னிற்ஸின் கடவுளைக் கேட்பதுபோலச் சித்தாந்தத்தின் சிவனைக் கேட்டல் பொருந்தாது. நோயை உண்டாக்கியவனிடம் கேட்கும் கேள்வி வேறு. நோயாளியை நாடிவந்த மருத்துவனிடம் கேட்கும் கேள்வி வேறு. இறைவன் ஒறுப்பதும் அன்பின் செயலே, பெற்றோர் மகவை அடித்துத் திருத்துவது போன்றதே, எனச் சிவஞானசித்தியார் வாதிடுகின்றது. மறைத்தலையும் அருட்செயலாகவே இம்மரபு எண்ணும்.

ஆயின், இவ்விடைக்கும் விலை உண்டு. மலத்தை ஒரு கணத்தில் நீக்க இறைவனால் இயலாதா? மலம் பரிபாகம் அடைதல் வேண்டும் என்பர். கண்ணிற் படர்ந்த படலம் முற்றுமுன் உரிக்க முயன்றால் பார்வையே கெடும் அன்றோ? (இக்கால மருத்துவர் அவ்வளவு காத்திருப்பதில்லை எனலாம், உவமையை அளவுக்கு மிஞ்சி இழுத்தல் முறையன்று.) இதனினும் கடினமானது பிறிதொன்று. வினை சடமாதலின், அது தானே சென்று செய்தவனைப் பற்றாது. அதன் பயனைக் கூட்டுவிப்பவன் இறைவனே என்பது சித்தாந்தத் துணிபு. அவ்வாறாயின், பெரலியவில் அந்த அலையை அம்மக்கள் ஒவ்வொருவர்க்கும் கூட்டியவனும் அவனே என ஒப்பவேண்டும். சித்தாந்தி இதனை மறுக்கமாட்டான். கோட்பாட்டளவில் இதில் முரண் ஏதுமில்லை என்பதே என் கருத்து. கேட்கும்போது நெஞ்சு மறுக்கின்றதே, அது ஏன்?

இதைச் சொல்பவர் யார், கேட்பவர் யார் என்பதில் அதற்கான காரணம் உளதெனத் தோன்றுகின்றது. திருநாவுக்கரசர் சூலைநோயால் வருந்தித் திருவதிகையில் பாடியபொழுது, தாம் அறியாது செய்த கொடுமையின் பயனோ இது எனத் தம்மை நோக்கியே வினவினார். அங்கே வினைக்கொள்கை துன்புற்றவரின் சொந்த வாக்கு; அவரை இறைவன்பால் திருப்பிய வாக்கு. அதே கொள்கையை, பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துக் கரையில் நிற்கும் தாயிடம் அயலார் ஒருவர் கூறின், அது மெய்யியலாக அன்றிக் குற்றச்சாட்டாகவே அவள் செவியில் விழும். சொற்கள் மாறவில்லை, தன்மையிடம் படர்க்கையிடமாக மாறியதே வேறுபாடு. இவ்வெல்லை சித்தாந்தத்துக்குப் புறம்பிலிருந்து நாம் திணிப்பதன்று. உயிர் சிற்றறிவுடையது என்று கூறுவது அச்சித்தாந்தமே. பிறர் வினையின் அளவை அறியாத ஒருவர், அதனைக் காரணங்காட்டித் தீர்ப்பு வழங்குதல் இறைவனுக்கே உரிய முற்றறிவைத் தமதாக்கிக் கொள்வதாகும்.

விவிலியத்தின் யோபு நூலும் இதையே வேறோர் வழியாற் காட்டுகின்றது. யோபுவின் நண்பர் ஏழு நாளும் ஏழு இரவும் அவரோடு தரையில் வாளா அமர்ந்திருந்தனர். பின்னர் வாய்திறந்து, பாவமின்றித் துன்பம் வாராது எனப் பல படக் கூறி இறைநீதியைக் காத்தனர். நூலின் இறுதியில் இறைவன் வெகுள்வது, தன்னோடு வழக்காடிய யோபுவின் மீதன்று. தனக்காக வாதாடிய அந்நண்பர்மீது. இறைநீதியை நிறுவும் மெய்யியல் முயற்சிகள் யாவும் தோற்றன என 1791 இல் எழுதிய இமானுவெல் கான்ற், யோபுவின் நேர்மையை நண்பர்களின் முகமன் பேச்சுக்கு மேலாக வைத்தமை இங்கு நினைக்கத்தக்கது. மலகிரிடா அந்நண்பர்களின் வழிவந்தவரே.

ஆகவே, இறைவன் நல்லவன் என்பது துன்புற்றவர் தம் அனுபவத்தினின்று கூறக்கூடிய கூற்றேயன்றி, துன்பத்தைக் கண்டு நிற்போர் அளிக்கக்கூடிய தீர்ப்பன்று எனக் கொள்ளலாம். இதனால் அக்கூற்று பொய்யாகிவிடாது. நாவுக்கரசர் கூறியது நாவுக்கரசர்க்கு உண்மையே. ஆயினும் இந்நிலைப்பாட்டிலும் ஓர் இடைவெளி உளது. அதனை மூடிமறைத்தல் நேர்மையாகாது. கைக்குழந்தை தன் துன்பத்தைப் பற்றித் தானே பேசாது. அலையில் மாண்டோருள் குழந்தைகள் மிகப் பலர். துன்புற்றவரே பேசவேண்டும் என்றால், அங்கே பேசுவார் எவருமில்லை. அதன் சார்பில் “இது என் நன்மைக்கே” என்று கூறும் உரிமை தாய்க்கும் இல்லை, ஆசாரியர்க்கும் இல்லை. மறுபிறப்பில் அவ்வுயிர் தானே அறிந்து கூறும் எனச் சித்தாந்தி நம்பலாம். அந்நம்பிக்கையை நான் இகழவில்லை. ஆனால் அது அளவையால் நிறுவப்பட்ட முடிபன்று. அந்த ஒரு வாக்குமூலம் இன்னும் எவர் செவிக்கும் எட்டவில்லை.