வளர்ந்த திருவடியும் விரியும் வெளியும்

விழுப்புரத்தில் இறங்கித் திருக்கோவலூர் உலகளந்த பெருமானை ஸேவித்து மீளும் அன்பர்களில் படித்த இளைஞர் சிலர், "பிரபஞ்சம் விரிகிறது என்று விஞ்ஞானம் கூறுவதும், வாமனன் திரிவிக்ரமனாய் வளர்ந்ததும் ஒன்றுதானே?" என வினவுவதுண்டு. ஆஸ்திகர் பலர் உடனே "ஆம்" என்று மகிழ்வர். சற்றே ஆராய்வோம்.

விண்மீன் கூட்டங்கள் விலகிச் செல்வதை 1929-இல் ஹப்பிள் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துக்காட்டினார். பெருகுவது அவற்றின் இடைவெளியே. அணுக்கரு விரிவதில்லை; பூமியும் விரிவதில்லை. கட்டுண்டவை கட்டுண்டபடியே நிற்கின்றன. ஆயினும் அவ்விரிவுக்கும் அணுக்கருவுக்கும் பழைய உறவொன்று உண்டு. சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன், முதற் சில நிமிஷங்களில் கருக்கள் இணைந்து, எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஹீலியமாயிற்று. வெளி விரைந்து விரிந்து குளிர்ந்தமையால் அவ்விணைப்பு நின்றது. எஞ்சிய ஹைட்ரஜனே இன்று சூரியனில் எரிகின்றது. தென்பெண்ணை நீரிலும் கலந்திருக்கின்றது.

சுருக்கத்தின் கதை வேறு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர் 1930-இல், தம் 19-ஆம் வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்கையில் ஒரு கணக்கிட்டார். எரிந்தடங்கிய நட்சத்திரம் ஓர் எல்லைக்கு மேல் கனத்திருந்தால் வெண்குறுமீனாய் நிலைபெறாது என்பது அதன் முடிவு. அவ்வெல்லை சூரியனைப்போல் 1.4 மடங்கு என்பது பின்னர்த் தெளிந்தது. 1983-இல் அவருக்கு நோபல் பரிசும் கிட்டியது. எல்லை கடந்து ஒடுங்கியது நியூட்ரான் விண்மீனாகலாம். அணுக்கருவின் நெருக்கமுடைய அது சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவில் அடங்கிவிடும். விழுப்புரம் – திண்டிவனம் பாதையில் பாதிக்குச் சற்று மிகுதி, அவ்வளவே! கனம் இன்னும் மிகுந்தால் கருந்துளை. அதனின்று ஒளியும் மீளாது.

இவை வியக்கத்தக்கன என்பதில் ஐயமில்லை. எனினும் இவற்றைக் கொண்டு அவதாரத்தை மெய்ப்பிக்க முயல்வது தகாது. விரிவின் வேகம் குறைந்து வருவதாகவே அறிஞர் நெடுநாள் எண்ணியிருந்தனர். 1998-இல் அது மிகுந்து வருவதாகக் கண்டனர். நாளை மேலும் திருத்துவர். திருத்துவதே அவர்தம் தர்மம். அதன்மேல் பக்தியை நாட்டுவது ஆற்றுமணலில் கொடிமரம் நடுவதை ஒக்கும்.

மற்றொரு பேதமும் உண்டு, அதுவே பெரிது. விரியும் வெளிக்கு நோக்கம் இல்லை. அது எதையும் தீண்டுவதுமில்லை. எம்பெருமான் வளர்ந்தபோதோ, வேண்டினார் வேண்டாதார் என்னாது அனைவர் தலையிலும் திருவடி பட்டது. மாவலியின் தலையும் அதில் அடக்கம்.