முளைகட்டிய பயறும் ஆனந்தமய கோசமும்

மழலையர் வகுப்பு ஒன்றில் இந்த வாரத்தின் கருப்பொருள் 'விதை' என்று வைத்துக்கொள்வோம். திங்களன்று பிள்ளைகள் பச்சைப்பயறை எண்ணித் தண்ணீரில் போடுகிறார்கள். மறுநாள் ஊறிப் பருத்ததை ஈரத்துணியில் முடிந்து வைக்கிறார்கள். புதனன்று முடிச்சை அவிழ்த்தால் வெள்ளை முளை. வியாழனன்று அதைப் படமாக வரைந்து, வெள்ளியன்று சுண்டலாகத் தின்றுவிடுகிறார்கள். ஆசிரியரின் பதிவேட்டில் இதே வாரம் எண்ணுதல், விரல் பயிற்சி, உற்றுநோக்கல், பகிர்ந்துண்ணல் என்று இருக்கும். இரண்டும் ஒரே வாரம்தான். ஆனால் எது எதற்காக நடக்கிறது? கல்வித் துறையார் தீர்த்துவிடக்கூடிய கேள்வி போலத் தெரிந்தாலும், அதன் வேர் சமயத்தில் இருக்கிறது. நான்கு வயது வாழ்க்கை பின்னால் வரப்போகும் ஒன்றுக்கான ஆயத்தமா, தன்னளவிலேயே நிறைவானதா? நிறைவானது என்பதே என் கட்சி.

இது சமயப் பிரச்சினை என்று முதலில் மோப்பம் பிடித்தவர்களில் எதிரிகளும் உண்டு. பிரெட்ரிக் ஃப்ரோபெல் 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் சிறு பிள்ளைகளுக்கான நிலையத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். பந்து, மரக்கோளம், கனசதுரம், உருளை ஆகிய எளிய பொருள்களே அங்கே பாடம். அவற்றைக் 'கொடைகள்' என்றார். லூத்தரன் பாதிரியாரின் மகனான அவருக்கு எல்லாப் பொருளிலும் ஊடுருவி நிற்கும் ஒருமையே இறைவன். குழந்தையின் கையில் உருளும் பந்து அந்த ஒருமையின் அடையாளம். இப்படிப்பட்டவரின் பள்ளிகளைத்தான் 1851 ஆகஸ்டில் பிரஷ்ய அரசு, நாத்திகமும் சோஷலிசமும் பரப்புவதாகச் சொல்லித் தடை செய்தது. அவருடைய அண்ணன் மகன் கார்லின் எழுத்தையும் இவருடையதையும் குழப்பிக்கொண்டதும் ஒரு காரணம். ஃப்ரோபெல் மறு ஆண்டே இறந்தார். தடை 1860இல்தான் நீங்கியது. ஆளை மாற்றிப் பிடித்தது கேலிக்கூத்து. ஆயினும் அந்த அச்சம் முழு மடமை என்று சொல்ல எனக்கு மனமில்லை. கீழ்ப்படிதலே பக்தி என்று நம்பும் அரசுக்கு, பந்தில் முழுமையைக் கண்டு யாருடைய அனுமதிக்கும் காத்திராத பிள்ளை உறுத்தத்தானே செய்யும்?

இன்று தடை இல்லை, பாராட்டுதான் சிக்கல். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி நகரில் 1962இல் தொடங்கிய பெர்ரி ஆய்வு, ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முன்பள்ளி தந்து, எல்லோரையும் நடுவயது வரை பின்தொடர்ந்தது. முன்பள்ளிக்குப் போனவர்கள் பின்னாளில் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், குறைவாகக் கைதானார்கள். செலவிட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் பலன் என்று பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மனும் குழுவினரும் கணக்கிட்டார்கள். கணக்கோடு எனக்குச் சண்டையில்லை. அதே கணக்கு நாளை பூஜ்யம் என்று வந்தால், புதன்கிழமை முளையைப் பார்த்து வாய்பிளந்த பிள்ளையின் காலை வீணாகிவிடுமா? ஆம் என்பவர் அந்தப் பிள்ளையை வைப்புநிதியாக நினைக்கிறார். நம் நாட்டில் இது இன்னும் நாசூக்காக நடக்கிறது. 2022இல் வந்த அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு மனிதனை அன்னமயம் முதல் ஆனந்தமயம் வரை ஐந்து உறைகளாகக் காணும் தைத்திரீய உபநிடத மரபின் பஞ்சகோசத்தை மேற்கோளாகக் கொள்கிறது. பிறகு குறிக்கோள், திறன், கற்றல் விளைவு என்று படிகளை அடுக்குகிறது. ஆனந்தமும் வளர்த்தெடுக்க வேண்டிய இனங்களில் ஒன்றாகிவிடுகிறது. உபநிடதத்தின் பிருகு வல்லியிலோ ஆனந்தத்திலிருந்துதான் உயிர்கள் பிறக்கின்றன. அங்கே அது விளைவு அல்ல, மூலம்.

அந்த வல்லியில் பிரம்மத்தைத் தேடும் பிருகுவே அன்னம், பிராணன், மனம், விஞ்ஞானம் என்று படிப்படியாகத்தானே அங்கே போய்ச் சேர்ந்தான் என்று மடக்கலாம். சேர்ந்தான், ஆனால் சேர்ந்த இடம் தொடக்கத்திலிருந்தே இருந்தது என்பதுதான் அவன் கண்டது. அதனால்தான் அந்த வல்லி ஆனந்தத்தைச் சொன்ன கையோடு அன்னத்தைப் பழிக்காதே என்று விதிக்கிறது. சுண்டல் முதற்படிக்குரிய தாழ்ந்த பொருள் அல்ல. கிறித்தவ இறையியலாளர் அகஸ்டினின் மறுப்பு இதைவிடக் கூர்மையானது. தாய்ப்பாலுக்குக்கூடப் பொறாமைப்படும் சிசுவைக் காட்டி, குழந்தை மாசற்றது என்ற எண்ணத்தைத் தம் 'பாவ அறிக்கைகள்' நூலில் அவர் தகர்க்கிறார். ஒப்புக்கொள்கிறேன். தன் பயறு முளைக்கவில்லை என்று அடுத்தவனின் துணியைப் பிடுங்கும் பிள்ளை கீதையின் பற்றற்ற கர்மயோகி அல்ல. பிரம்ம சூத்திரம் லீலை, அதாவது விளையாட்டு, என்று சொல்வதும் குறையே இல்லாத பரம்பொருளின் செயலைத்தான். பிள்ளைக்கு ஆசை நிறைய உண்டு. ஆனால் ஆசைப்பட்ட பொருள் செயலுக்கு வெளியே, இருபது ஆண்டு தள்ளி இல்லை. மாசின்மையைக் கோராமலேயே நிறைவைச் சொல்ல முடியும். பெரியவர்களின் விளையாட்டு அலுவல் என்ற பெயரில் தப்பிக்க, பிள்ளைகளின் விளையாட்டு அடிவாங்குகிறது என்று அதே நூலில் கசந்துகொண்டவரும் அகஸ்டின்தான்.

இதெல்லாம் வசதி படைத்தவர்களின் தத்துவம், ஏழைத் தாய்க்கு வேண்டியது எழுத்தும் எண்ணும் என்பதுதான் கனமான மறுப்பு. அந்தத் தாயின் கவலை நியாயமானது. எழுத்து விளையாட்டுக்குப் பகை என்ற எண்ணத்தில்தான் பிழை. மரியா மாண்டிசோரி 1907இல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தது உழைக்கும் ஏழைகளின் பிள்ளைகளுக்காகத்தான். சொரசொரப்பான காகிதத்தில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவித் தடவி அவர்கள் எழுதக் கற்றார்கள். அந்தத் தடவலும் அந்த நேரத்துக்கு முழுமையானதே. எழுத்தை எதிர்க்க வேண்டியதில்லை. புதன்கிழமை காலை முழுதும் ஒரு பிள்ளை எதையும் எண்ணாமல் முளையையே பார்த்துக்கொண்டிருந்தால், பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே உள்ள கட்டத்தை வெறுமையாக விட ஆசிரியருக்கு உரிமை வேண்டும். அதை ஏன் நிரப்பவில்லை என்று மேலதிகாரி கேட்கவும் கூடாது.